லூர்து அக்காவின் இடது கன்னம்

பக்கத்து வூட்டு லூர்து அக்கா இன்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார், கன்னத்தை அளக்கச் சொல்லி.

போன மாதம் சேலத்தில் ஒரு அழகு சிகிச்சை ஆஸ்பத்திரியில் தோலுக்கடியில் நூல் விட்டு, தொங்கிய கன்னத்தைத் தூக்கிக்கொண்டவர். போகும் நாள் காலையில், பல் துலக்கிய கையோடு உட்காரவைத்து, காது மடலிலிருந்து வாயோரம் வரை டேப்பால் அளந்து நோட்டில் எழுதியிருந்தேன்.

இன்று வலது கன்னம் குறைந்திருந்தது. இடது கன்னம் கால் அங்குலம் கூடியிருந்தது.

அக்கா கண் கலங்கிவிட்டார். "எங்க வூட்டுக்காரரு அப்பவே வேண்டாம்னாரு. இனி அவரு வாய யாரு மூடுறது?"

"மொதல்ல வாயில அதக்கியிருக்கிற வெத்தலையத் துப்பிட்டு வாங்கக்கா."

துப்பிவிட்டு வந்தார். மறுபடி அளந்தேன். நோட்டில் இருந்ததைவிடக் கால் அங்குலம் குறைவு. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் புது வெத்தலை ஒன்றை மடித்து, அதே இடது பக்கம் அதக்கிக்கொண்டு வூட்டுக்குக் கிளம்பினார். அவர் வூட்டுக்காரர் கண்ணில் எந்த அளவு படும், நீங்களே சொல்லுங்க.