சௌந்தரம் மதினி குடிக்காத காபி

நெற்குப்பையில் மகள் வீட்டில் இருந்தேன். உளுந்தை ஊறப்போட்டுவிட்டு நிமிர்ந்தால், மகள் போனைக் காதில் வைத்தபடியே எதிரில் நிற்கிறாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"உங்க அத்தையா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

"செல்வம் வந்துட்டானா?"

"மச்சான் இனிமேத்தான் கிளம்புறாகளாம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சாவுக்கு அழுதேனா, செல்வம் வருவதற்குள் அவன் அம்மா உயிர் போய்விட்டதே என்று அழுதேனா, இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

ஒக்கூரிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் நம் கூட்டத்தாருக்குச் சௌந்தரம் மதினியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் நீங்கள் குடித்தது அவர் கைக்காபிதான். எனக்கு அவர் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா; அடுத்த வீடுதான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் வந்த மறுநாள் காலையில் மதினிக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வாங்கி நிறத்தைப் பார்த்தார். வாயில் வைக்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய் வாழை மூட்டில் ஊற்றினார். "இது காபியா, கழனித்தண்ணியா?" என்றார். என் அப்பா அம்மா அப்போது ஊருக்குக் கிளம்பாமல் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக இப்போது மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

எனக்குச் செய்ததையே தன் மருமகளுக்கும் செய்தார். ஒரே மகன் செல்வம், கோயம்புத்தூரில் வேலை. அங்கேயே உமா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு முதல் முறையாக வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். அந்தப் பெண் காபி போட்டு இரண்டு கையாலும் நீட்டினாள். மதினி பார்த்தார். வாயில் வைக்கவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் ஊற்றினார், அதே வார்த்தை. நான் பொறுத்துக்கொண்டு கிடந்தேன், எனக்குப் போக இடமில்லை. செல்வம் பொறுக்கவில்லை. சாப்பிடாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று பெண்டாட்டியோடு போய்விட்டான்.

அவன் தெருமுனை திரும்பும் வரைக்கும் மதினி அசையாமல் நின்றார். பிறகு உள்ளே வந்து, "அவன் வந்து இந்த வீட்டுல உக்காந்து காபி குடிக்கிற வரைக்கும் எனக்கும் காபி வேணாம்" என்றார். ரெண்டு நாளில் மாறிவிடுவார் என்று நினைத்தேன். காபி இல்லாவிட்டால் மண்டை இடிக்கிறது என்று சுருண்டு படுக்கிற மனுஷி அவர். மாறவில்லை.

அந்த வருஷம்தான் பழனிக்கு நடக்கத் தொடங்கினார். கூடத் துணைக்கு என்னை அனுப்பினார்கள். நடப்பவர்களுக்குக் காபி போடுகிற வேலையை மதினி தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். குடிக்காதவருக்கு அந்த வேலை எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். "வாசம் பிடிக்கக் கூடாதுன்னு நான் விரதம் எடுக்கலையே" என்றார்.

வெட்டவெளியில் காபி போடுவது வீட்டு அடுப்படியில் போடுவது மாதிரி இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் காரைக்குடியில் கொட்டையை வறுத்து அரைத்து, தங்கும் இடத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டிவிடுவார். பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் பனி இறங்கிவிடுமாம். சாமான் வரும் குட்டியானை வண்டியில் பில்டரை ஏற்ற விட மாட்டார். குலுங்கினால் தூள் கீழே இறங்கி டிகாஷன் கலங்கிவிடும் என்று துண்டில் சுற்றித் தன் இடுப்பிலேயே வைத்து நடப்பார். காபிக்கென்று நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் தனியாக வரும். போகிற வழியில் சில இடங்களில் தண்ணீர் உப்பு. ஒரு முறை அந்தக் கேனைத் திறந்து ஒருவர் கால் கொப்புளத்தைக் கழுவினார். பேர் எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் அவருக்குத் தெரியும். மதினி அவருக்குப் பழனி போய்ச் சேரும்வரை காபி கொடுக்கவில்லை.

திறந்த வெளியில் காற்று அடுப்பைத் தின்றுவிடும். மூன்று கல்லைக் கூட்டி, பெண்களைச் சுற்றிலும் உட்கார வைப்பார். "காத்து இங்குட்டுல்ல வருது, அங்குட்டு என்னடி முதுகக் காட்டுற?" என்று ஒவ்வொருத்தியையும் பிடித்துத் திருப்புவார். எங்கள் முதுகுதான் அவருக்குச் சுவர். பால் பொங்கி வந்ததும் இறக்கிவிட வேண்டும், மறுபடி சுட வைக்கக் கூடாது. டிகாஷனை நெருப்பில் காட்டவே கூடாது.

திண்டுக்கல் தாண்டி ஒரு தரம் மழை. விறகு நனைந்து, புகை பாலில் இறங்கிவிட்டது. கால் வீங்கி, பசியோடு அத்தனை பேரும் டம்ளரும் கையுமாக நிற்கிறோம். மதினி மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். அவ்வளவுதான், பானைப் பால் முழுவதையும் தரையில் கவிழ்த்தார்.

"ஏன் ஆத்தா, புகை வாடைதானே? குடிச்சா செத்தா போவோம்?" என்று ஒருவர் கத்தினார்.

"கால் நொந்தாக்கூட நடந்துருவீக. வாய் நொந்து நடப்பீகளா?" என்றார். வீடு வீடாகப் போய் வேறு பால் வாங்கி வந்த பிறகுதான் கிளம்ப விட்டார்.

அவர் குடிக்காததால் முதல் டம்ளர் என்னிடம் வரும். "சொல்லு" என்பார். வேறு வார்த்தை கிடையாது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு, கசப்பு தூக்கல், பால் ஒட்டவில்லை என்று சொன்னால் அப்படியே கேட்டுத் திருத்துவார். என் காபியை வாயில் வைக்காமல் கொட்டியவர் என் நாக்கை நம்பித்தான் ஊருக்கே காபி போட்டார். பழிவாங்க நல்ல இடம்தான். நன்றாக இருக்கிறதைக் கெட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளும் அப்படிச் சொல்ல வரவில்லை.

நத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் தங்கியிருந்தோம். வேறு ஊர்க்காரர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவன், ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். செல்வம் அப்படித்தான் நிற்பான். மதினி அவன் முகத்தைப் பார்க்காமல் தோளையே பார்த்துக்கொண்டு ஊற்றினார். காபி டம்ளர் நிறைந்து வழிந்து அவர் விரலில் ஓடியது. அவன் துண்டை அவிழ்த்தான். யாரோ ஒரு பிள்ளை.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல, சூடு."

அன்றைக்கு மிச்சப் பேருக்கெல்லாம் நான்தான் ஊற்றினேன்.

செல்வம் தீபாவளிக்குத் தீபாவளி எனக்குப் போன் செய்வான். "வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போடா, அவுக விரதம் முடியட்டும்" என்பேன். "அவுக கூப்பிடட்டும் அத்தை" என்பான். மதினியிடம் சொன்னால், "அவன் வரட்டும்" என்பார். நடுவில் நான் தூது போய்த் தூது போய் ஓய்ந்தேன். பழனிக்காரனும் ஓய்ந்துவிட்டான் போலிருக்கிறது. மலை ஏறிய ஒவ்வொரு முறையும் மதினி வேண்டியது அந்த ஒன்றைத்தான். கேட்டது கிடைக்காமலே செத்துப்போனார். பழனிக்காரன் குறை வைக்க மாட்டான் என்று இனி யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

செல்வம் வந்தான், எடுக்கிற நேரத்துக்கு. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டுபோய்ப் போர்த்தினேன். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காரியத்தன்று படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். செல்வம் அடுப்படியிலிருந்து ஒரு டம்ளரை ஏந்தி வந்து இலை ஓரத்தில் வைத்தான்.

"என்னடா அது?" என்றேன்.

"காபி அத்தை. அம்மாவுக்குப் பிடிக்கும்ல. உமா போட்டா."

"உங்க ஆத்தா விரதம்டா."

"நான்தான் வந்துட்டேனே அத்தை."

டம்ளரை எடுத்து, எல்லோரும் பார்க்க, ஒரு வாய் குடித்தேன். "ஐயையோ, எச்சியாக்கிட்டியே பாக்கியம்!" என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள். "ஆமா, ஆக்கிட்டேன். எச்சிக் காபிய எலையில வைக்க முடியாதுல்ல? பொணத்துக்கு வந்தவன் வந்த கணக்கில்ல" என்றேன். செல்வம் சுவரோடு சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அழட்டும் என்றுதான் இருந்தேன்.

அடுப்படி வாசலில் உமா நின்றாள். முன் தலை நரைத்திருந்தது. வந்ததிலிருந்து என்னிடம் பேசாதவள், "எப்படி இருக்கு சித்தி?" என்றாள்.

டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதினியின் பில்டரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தை வந்தால் நீங்கள் நடப்பீர்கள், நான் வரமாட்டேன். எனக்கு அங்கே கேட்க ஒன்றுமில்லை. பில்டரை யாராவது வந்து வாங்கிப்போங்கள், துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். நான் வைத்துக்கொள்வது, "சொல்லு" என்று அவர் கேட்டதும் உள்ளதைச் சொன்ன இந்த நாக்கை மட்டும்தான். அன்று உமா கேட்டபோது வராத பதிலை இப்போது சொல்கிறேன். மதினி, அந்தக் காபி நன்றாக இருந்தது. நீங்கள் கொல்லையில் ஊற்றிய அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.