தரைய அடிக்காத வீடு

எங்க அண்ணி வார்சினிக்குக் கோவம் வந்தா சத்தம் வராது. வெங்காயம் நறுக்குவா. அன்னைக்கு அவ நறுக்குனதுல எங்க சந்து மொத்தத்துக்கும் சம்பல் அரைச்சிருக்கலாம்.

நடந்தது இதுதான். ஜாவாவுல சோலோன்னு ஊரு, அங்க எங்க சந்துல மாசாமாசம் குழந்தைங்கள எடை போடுவாங்க. துணியில உக்கார வச்சுத் தராசுல தொங்கவிட்டு, அழுதா அழட்டும்னு எடையப் பாத்துட்டு, கையில ஒரு கிண்ணம் பச்சைப்பயறு கஞ்சி குடுத்து எறக்கி விடுவாங்க. நடத்துறது இபு ஹார்த்தினி, சந்துத் தலைவரோட சம்சாரம். வயசுல மூத்தவங்களும் அவங்கள இபுன்னுதான், அதாவது அம்மான்னுதான், கூப்பிடணும். இல்லன்னா கஞ்சி தண்ணியா வரும்.

அண்ணி பையன் சேத்தோவுக்கு அப்ப ரெண்டு வயசு தாண்டியிருக்கும். அவன் காலை இபுவோட மக கினாசி மிதிச்சிட்டா. அவளும் அவன் வயசுதான். இவன் உடனே அவ தோள்ல ஒரு கடி. இபு ஓடி வந்து மொதல்ல மகளத் தூக்கல. சேத்தோ கையில இருந்த கிண்ணத்தப் புடுங்குனாங்க.

"கடிக்கிற ஆட்டுக்கு எதுக்கு வார்சினி கஞ்சி? வீட்டுல கட்டிப்போட்டு வளத்துக்கோங்க. மத்த புள்ளைங்க இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க."

மூக்கால பேசுவாங்க. கடைசி எழுத்த இழுத்து, முடிச்சதும் தொண்டையில ஒரு கனைப்பு. நான் அந்தக் குரல்ல பேசுனா எங்க அண்ணனே எழுந்து சட்டையப் போடுவாரு.

மறுநாள்ல இருந்து சேத்தோகூட வெளையாட ஒருத்தரும் வரல. அவன் தெருவுல எறங்குனா மத்த அம்மாக்காரிங்க, "வா வா, குளிக்கணும்"னு புள்ளைங்கள உள்ள இழுத்துக்குவாங்க. அந்த வாரம் எங்க சந்துப் புள்ளைங்க மாதிரி சுத்தமான புள்ளைங்க ஜாவாவுலயே கெடையாது.

அண்ணி கத்திய கீழ வச்சிட்டு என்கிட்ட சொன்னா: "ஒரு புள்ள பாக்கி இல்லாம நம்ம வீட்டுலதான் வெளையாடணும். அவ மக மட்டும் ஒத்தையில நிக்கணும். அந்த இபுவே நம்ம கேட்டுக்கு வந்து கேக்கணும்."

"ஒம்புள்ள கடிக்கிறானே அண்ணி, யாரு அனுப்புவா?"

"கடிக்காம பண்றேன்."

எப்படின்னு அவளுக்கும் தெரியல. அப்பறம் ஒருநாள் சேத்தோ ஓடிவந்து வழுக்கி விழுந்தான். அண்ணி எங்க ஊரு வழக்கப்படி தரைய ரெண்டு சாத்து சாத்துனா. "கெட்ட தரை. எஞ்சாமிய தள்ளிவிட்டுச்சா? அம்மா அடிச்சிட்டேன் பாரு." சேத்தோ அழுகைய நிறுத்திட்டு அவனும் தரைய அடிச்சான். பத்தலன்னு பக்கத்துல இருந்த நாற்காலிக் காலக் கடிச்சான். நாற்காலி பாவம், அது ஒண்ணும் பண்ணல.

அண்ணி கை அந்தரத்துலயே நின்னுச்சு.

"அடியே, இத நாந்தான் கத்துக் குடுத்திருக்கேன்."

அதுல இருந்து எங்க வீட்டுல தரைக்கு அடி கெடையாது. பழைய பாத்திக் துணியில ஒரு பொம்ம தைச்சா. பொம்ம தினமும் கீழ விழும், அண்ணியே தள்ளிவிடுவா. "ஐயோ, பாப்பா விழுந்துருச்சு. எங்க வலிக்குது?" சேத்தோ கால காட்டுவான். "ஊது." ஊதுவான். பொம்ம மிதிபடும், அண்ணி பல்லக் கடிச்சுக் காட்டுவா. "பாப்பாவுக்குக் கோவம். கடிக்கலாமா? வேணாம். தலகாணியக் குத்து. 'என் காலு'ன்னு சொல்லு." தலகாணி பஞ்சு வெளிய வந்துருச்சு. கடி நின்னுருச்சு.

பக்கத்து வீட்டு யூனி மகனத்தான் மொதல்ல அனுப்புனா. அவளுக்குத் துணி தொவைக்க நேரம் வேணும், கடிபட்டாலும் பரவாயில்லன்னு. அண்ணி வாழமட்டையில குதிரை செஞ்சு வச்சிருந்தா. வேணும்னே ஒண்ணுதான் செஞ்சா. ஒருத்தன் ஏறி ஓடணும், மத்தவன் கை தட்டிக்கிட்டு நிக்கணும், அப்பறம் மாத்திக்கணும். மொத நாள் குதிரை ரெண்டாப் பிஞ்சிருச்சு. அண்ணி சளைக்காம இன்னொண்ணு செஞ்சா. மறுபடியும் ஒண்ணுதான். கஞ்சி நேரத்துல பொம்ம ஓரமா உக்காந்திருக்கும். "யாருக்கு இன்னும் கெடைக்கல? தேடுங்க." தேடிப் பிடிச்சு ஒரு வாய் ஊட்டணும். அப்பறம்தான் அவங்களுக்கு.

கொஞ்சம் கொஞ்சமா சந்தே எங்க வீட்டுக்கு வந்துருச்சு. இபு வீட்டுல ஊஞ்சல் இருக்கு, சறுக்குமரம் இருக்கு, ஆளில்ல. கினாசி எங்க கேட்டுக் கம்பிய புடிச்சுக்கிட்டு நிப்பா.

"பாவமா இருக்கு அண்ணி. தொறக்கவா?"

"அவ அம்மா வரட்டும்."

சேத்தோவ ஊதச் சொல்லிக் குடுத்தவ, தனக்குன்னு ஒரு தரைய மட்டும் பத்திரமா வச்சிருந்தா, அடிக்கிறதுக்கு.

கடைசியில இபு ஹார்த்தினி வந்தே வந்தாங்க. "வார்சினி, கினாசி சாப்பிட மாட்டேங்குறா. கொஞ்சநேரம் இங்க..." மூக்கு இருந்துச்சு, இழுப்பு இல்ல, கனைப்பும் இல்ல. அண்ணி கேட்டை அகலமா தொறந்தா. அவ சிரிச்ச சிரிப்புல எனக்கே பயம் வந்துருச்சு.

கினாசி ஓடுன வேகத்துல விழுந்தா. இபு பதறிப்போய்த் தரைய பளார் பளார்னு அடிச்சாங்க. "கெட்ட தரை, கெட்ட தரை."

புள்ளைங்க எல்லாம் அப்படியே நின்னுருச்சுங்க. யூனி மகன் கினாசி முட்டிய ஊதப் போனான். சேத்தோ இபு அடிச்ச எடத்துல குத்த வச்சு, குனிஞ்சு, தரைய ஊதுனான்.

அண்ணி ரொம்ப நாளா வாய்க்குள்ள வச்சிருந்ததை எடுத்தா. "கினாசி இருக்கட்டும் இபு. நீங்க வெளிய நில்லுங்க. அடிக்கிறவங்கள மத்த புள்ளைங்க இருக்கிற எடத்துல விடுறதில்ல."

யூனி தொவைக்கிற துணியோட வெளிய வந்து பாத்தா. சந்தே பாத்துச்சு. இபு வெளிய போய் நின்னாங்க, வெயில்ல, கம்பிய புடிச்சுக்கிட்டு, மக நின்ன அதே எடத்துல.

அதோட விட்டிருக்கலாம். கஞ்சி நேரம் வந்துச்சு. அண்ணி ஒரு கிண்ணம் நெறைய ஊத்தி, தேங்காப்பால் விட்டு, இஞ்சி வாசன வர்ற மாதிரி கேட்டுக்கிட்ட கொண்டுபோனா. இபு கை நீட்டுனாங்க. விரல் கிண்ணத்துல படுற வரைக்கும் காத்திருந்து, வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு உள்ள வந்தா. கல்யாணப் படத்துலகூட அவ மொகம் அப்படி மலந்ததில்ல.

உள்ள சேத்தோ பொம்மைய பாத்தான், அதுக்கு ஊட்டியாச்சு. ஒவ்வொருத்தரா பாத்தான். அப்பறம் அவன் கிண்ணத்த எடுத்துக்கிட்டு, வழியெல்லாம் சிந்திக்கிட்டு, கேட்டுக்குப் போனான்.

"இன்னும் கெடைக்கல," அப்படின்னு கம்பி வழியா கரண்டிய நீட்டுனான். "ஆ."

சந்துத் தலைவரோட சம்சாரம் குத்த வச்சு உக்காந்து வாயத் தொறந்தாங்க.

நான் அண்ணியப் பாத்தேன். "கூப்பிடவா அவன?"

அண்ணி கையில இருந்த கிண்ணத்தக் கீழ வச்சா. "கூப்பிட்டா நாளைக்குப் பொம்மைக்கு ஊட்ட மாட்டான்," அப்படின்னா. "ஒரு வாய் போதும்னு சொல்லு."

சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கொஞ்ச நேரத்துல வெங்காயம் நறுக்குற சத்தம் கேட்டுச்சு.