கதவைத் திறந்தாளா?

தென்காசி பேருந்து நிலையத்தில் யாருடைய செல்போனிலோ அந்தப் பழைய மத்தியான நாடகத்தின் பாட்டு அடித்தது. உடனே எனக்கு பீடி இலை வாசம் வந்துவிட்டது.

அப்போதெல்லாம் அந்தப் பாட்டு கேட்டதும் தெருப் பெண்கள் பீடித் தட்டோடு எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்காருவார்கள். கண் நாடகத்தில் இருக்கும், கை பீடி சுற்றும். கதாநாயகி அழுதால் மட்டும் எல்லாக் கையும் நின்றுவிடும்.

நாடகத்தின் கடைசி நாள், அவளை விட்டுப்போன புருஷன் வந்து கதவைத் தட்டினான். அந்நேரம் சாரல் காற்றில் ஊருக்கே கரண்ட் போய்விட்டது; முடிவை யாரும் பார்க்கவில்லை.

"தொறந்திருக்க மாட்டா," என்றாள் அம்மா. எங்கள் அப்பாவும் அப்படிப் போனவர்தான்.

"வாசல்ல புருசன் நிக்கான், தொறக்காம என்ன செய்வா?" என்றாள் பக்கத்து வீட்டு மேரியக்கா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அம்மா இன்றும் என்னிடம் கேட்கிறாள், "ஏட்டி, அவ கதவத் தொறந்தாளா?"

பேருந்து நிலையத்திலிருந்து நேராக சினிமா டிஸ்க் விற்கும் கடைக்குப் போய் அந்த நாடகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வாரம்கூட ஓடாத படமெல்லாம் அங்கே அடுக்கியிருந்தது. வருஷக்கணக்காக ஓடிய எங்கள் நாடகத்துக்கு ஒரு டிஸ்க்கூட யாரும் போடவில்லையாம்.

"மத்தியான நாடகத்தப் போயி யாரு வாங்குவா, அக்கா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

கடைகளில் வாய் திறக்காத நான் சத்தமாகவே சொன்னேன்: "எங்கம்மா வாங்குவா. அவளுக்கு அந்தக் கதவத் தட்டுற சத்தம் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு."