களத்து அக்காவின் பழைய பிரௌசர்

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் சாப்ட்வேர் எந்தெந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும், எந்தெந்த பிரௌசரில் திறக்கும் என்ற பட்டியல் அது. இடப்பக்கம் ஓடுபவை, வலப்பக்கம் ஓடாதவை. புதுப் பதிப்பு ஒன்று வந்தால் இடப்பக்கத்துப் பெயர் ஏதாவது ஒன்று வலப்பக்கத்துக்குப் போய்விடும். அதை மாற்றி அச்செடுத்து ஒட்டுவது என் வேலை. வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் மாடியில் அலுவலகம். லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் களங்களுக்கும் கிடங்குகளுக்கும் எங்கள் சாப்ட்வேரைக் கொடுத்திருந்தோம். வண்டி எண், சரக்கு, போகும் ஊர் எல்லாம் பதிந்தால் கேட்டைத் தாண்டும் சீட்டு அச்சாகி வரும். ஏதாவது திறக்கவில்லை என்றால் போன் எனக்குத்தான் வரும். நானும் பட்டியலைப் பார்த்து, உங்கள் கம்ப்யூட்டர் பழசு, இதில் ஓடாது என்பேன். பாதிப் பேர், பெண் பிள்ளை என்றும் பார்க்காமல், என்னைத் திட்டிவிட்டுத்தான் வைப்பார்கள்.

திட்டாதவர்களில் ஒருவர் களத்து அக்கா. ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் சீட்டு போடுகிறவர். மூன்று வருடம் குரலாக மட்டுமே அவரைத் தெரியும். போனை எடுத்ததும் "சோறு தின்னியா மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அவர் கேட்கும் கேள்விகள் வேறு யாரும் கேட்காதவை. மற்றவர்கள் சிவப்பாக ஏதோ வருகிறது, கட்டம் ஒன்று குதிக்கிறது என்பார்கள். இவரோ, ஏழாவது தட்டில் நிற்க வேண்டியது எட்டாவது தட்டில் நிற்கிறதே, ஏன் என்பார். தட்டு என்று அவர் சொன்னது விசைப்பலகையில் டேப் பட்டனைத் தட்டுவதை. தட்டச்சில் ஹையர் முடித்தவர், அதனால் மவுஸ் பிடிக்காது போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

அந்த வருடம் அக்கா வைத்திருந்த பிரௌசர் வலப்பக்கத்துக்குப் போனது. அதைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள், நாங்கள் என்ன செய்ய? அவருடைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் புது பிரௌசரை ஏற்காது. ஆக, கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும். மூன்று மாத அவகாசம் கொடுத்தோம். குழித்துறை, அஞ்சுகிராமம் என்று எல்லா ஊர்க்காரர்களும் முனகிக்கொண்டே மாற்றிவிட்டார்கள். அக்கா மட்டும் நகரவில்லை. ஒரு வாரம் மழை என்றார், அடுத்த வாரம் கோயில் கொடை என்றார். முதலாளி வாங்கித் தர மாட்டேன் என்கிறாரா என்று கேட்டேன். அவர் வாங்கியே வைத்துவிட்டார், பெட்டிகூடப் பிரிக்கவில்லை என்று பதில் வந்தது. எனக்கு மண்டை குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. புதுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழசைக் கட்டி அழுகிற ஆளும் உண்டா?

ஒருநாள் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதுசுல டிக்குன்னு கேக்குமா மக்கா?"

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற பேருந்தில்தான் பிடிபட்டது. அந்தப் பழைய பிரௌசரில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது மெல்லிய டிக் சத்தம் ஒன்று வரும். பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. மறுநாள் புது பிரௌசர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து காதை வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஊமை. இந்தச் சத்தம் ஒருவருக்கு எதற்கு வேண்டும் என்று தெரியாமல் அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை பேருந்து ஏறிவிட்டேன்.

களத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணுகிறவர் ஒன்று என்று தொடங்கவில்லை. தேங்காய் மேல் கையை வைத்ததுமே "லாபம்" என்றார். அது ஒன்று. கை அடுத்ததுக்கு நகரும்போது ரெண்டு, பிறகு மூணு. அளக்கும்போதும் எண்ணும்போதும் எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம், எனக்கும் தெரிந்ததுதான். அக்காவின் அறை களத்தைப் பார்த்தே இருந்தது. நான் நினைத்ததைவிட இளையவர், நாற்பத்தைந்துக்குள் இருக்கும். வாசலிலேயே என் குரலை வைத்துக் கண்டுபிடித்து, வா மக்கா, இரி என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். திரையில் தேங்காய் நார்த் தும்பின் தூசி அப்பியிருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு விழுந்த இடத்தில்தான் எழுத்தே தெரிந்தது. இதில் எப்படி அக்கா பார்க்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நாலு வருடமாகக் கண்ணின் நடுவில் புகை அடைத்த மாதிரி இருக்கிறதாம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மட்டும் தெரியும். நடக்கலாம், ஆளை ஆடையை வைத்து அடையாளம் சொல்லலாம், எழுத்தைப் படிக்க முடியாது. மதுரை வரை போய்ப் பார்த்தாயிற்று, இனி திரும்பாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஏற்றுகிறவர்கள் வண்டி எண்ணையும் எண்ணிக்கையையும் சத்தமாகச் சொல்வார்கள். இவர் தட்டுகளை எண்ணிக் கட்டத்துக்குக் கட்டம் போய் அடித்துவிடுவார். பக்கம் மாறியதா என்பதை அந்த டிக் சொல்லிவிடும். திரையைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறதே அக்கா என்றேன்.

"அது வாய் விட்டுப் படிச்சா களம் முழுக்கக் கேக்கும். காதுல மாட்டிட்டு இருந்தா களத்துல சொல்லுகது கேக்காது. மொதலாளி காதுல விழுந்தா வேற ஆள வைப்பாவ. இந்தக் கசேரய விட்டு எந்திச்சா நான் வீட்டு மூலையில இருக்கப்பட்டவதான் மக்கா. யாருட்டயும் சொல்லாண்டாம்."

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல். ஓடும், ஓடாது என்று ஒரு தாளை ஒட்டி வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் அலட்சியமாகப் பேசியிருக்கிறேன்.

அலுவலகத்தில் சாப்ட்வேர் எழுதுகிற தம்பியிடம், பக்கம் மாறினால் ஒரு டிக் சத்தம் வர வேண்டும் என்றேன். யாருக்கு என்றான். வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்று கூசாமல் பொய் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டே செய்து கொடுத்தான். களத்தில் புதுக் கம்ப்யூட்டர் ஏறியது. ஒரு வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு தட்ட, அக்கா அங்கே தட்ட, கட்டம் கட்டமாகப் போனில் எண்ணிப் பழகினோம். கண்ணை மூடினால் நான்காவது கட்டத்திலேயே எனக்கு வழி தவறிவிடும். அக்கா கிண்டல் செய்வார், ஒனக்குக் கண்ணு இருந்து என்ன பிரயோசனம் என்று. கடைசியாக மிச்சமிருந்தது போகும் ஊர்ப் பட்டியல். புதுசில் அது ஒரு வெற்று வரியில் திறக்கும். அங்கிருந்து கீழ்நோக்கிய அம்புப் பட்டனைத் தட்டித் தட்டி ஊர் ஊராக இறங்க வேண்டும். அன்றைக்கென்று மேலாளர் கூப்பிட்டுவிட்டார். சேர்ந்து தட்டிப் பார்க்காமல், காங்கேயம் அஞ்சாவது அக்கா என்று வாயால் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் சொன்னது ஐந்து தட்டு. அக்கா எண்ணியது களத்து எண்ணிக்கை. பட்டியல் திறந்து நிற்கிற அந்த வெற்று வரியே அவருக்கு லாபம், அதற்குத் தட்டு கிடையாது. ஆக நாலே தட்டு. நாலாவதாக இருந்த ஊர் கொல்லம். காங்கேயத்து எண்ணெய் ஆலைக்குப் போக வேண்டிய லாரி, சீட்டில் இருந்தபடி, குழித்துறை தாண்டி மேற்கே கேரளத்துக்குப் போய்விட்டது. ஓட்டுநர் புதியவர், சீட்டைத்தான் நம்பினார். மறுநாள் காலை ஆலையிலிருந்து, லோடு எங்கே என்று களத்துக்கு போன் போயிருக்கிறது.

பத்து மணிக்குக் களத்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல, பின்னால் தேங்காய் எண்ணும் குரல் கேட்டது. அறுபது தாண்டியவர், கத்துகிற ஆள் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உங்கள் சாப்ட்வேர் தப்பென்றால் உங்கள் கம்பெனிக்கு எழுதுகிறேன், சீட்டு போட்டவர் தப்பென்றால் நாளையிலிருந்து அந்த இடத்தில் வேறு ஆள், இரண்டில் எது என்று மட்டும் சொல் என்றார். என் பேரில் புகார் வந்தால் என் வேலை போனாலும் போகும். ஆனாலும் சொன்னேன், தப்பு என்னுடையதுதான், பழக்கிக் கொடுத்தது நான், தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று. அது பொய்யும் இல்லை. முதலாளி சரி என்று சொல்லி வைக்கப் போனார். அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"அவ எனக்காவச் சொல்லுதா. எனக்கு நாலு வருசமா எழுத்து தெரியாது மொதலாளி. கண்ணு போச்சு. தட்ட எண்ணித்தான் சீட்டு போடுதேன்."

எதை மறைக்க நாலு வருடம் பாடுபட்டாரோ, அதை ஒரே ஒருமுறை நேரில் வந்துபோன என்னைக் காப்பாற்றப் போட்டு உடைத்துவிட்டார். களத்தில் ஒருவர் ஐம்பதிலிருந்து அறுபது வரை எண்ணி முடித்தார்.

"நாலு வருசத்துல எத்தன லோடு மாறிப் போச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"இது ஒண்ணுதான்."

"ரெண்டு கண்ணும் வச்சுக்கிட்டு நான் சீட்டு எழுதுன காலத்துல மாசத்துக்கு ஒண்ணு மாறும்." பிறகு, "வெளிய வண்டி நிக்கி. இருந்து சீட்டப் போடு" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லாமலேயே போன் அணைந்தது. நான் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் முதலாளி சும்மா விட்டுவிடவில்லை. அச்சான சீட்டை ஏற்றுகிறவர்களில் ஒருவர் உரக்கப் படித்த பிறகுதான் கேட் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அக்கா இப்போது திரையைப் படிக்கும் வசதியை முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறார். அது ஈத்தாமொழி என்பதைப் படிக்கும் லட்சணத்தைக் கேட்கவென்றே லாரிக்காரர்கள் ஜன்னலருகே வந்து நிற்பார்களாம். நானும் மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். புதுப் பதிப்பு எது வந்தாலும், பட்டியலை ஒட்டுவதற்கு முன், திரையை அணைத்துவிட்டு ஒரு முழுச் சீட்டு போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் தோற்றுப்போகிறேன், அதை எழுதிக் கொடுத்துத் திருத்த வைக்கிறேன்.

போன வாரமும் ஒரு பெயர் வலப்பக்கத்துக்குப் போனது. அதைச் சொல்ல அக்காவைக் கூப்பிட்டேன். விஷயம் முடிந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"நீ அண்ணைக்கு வந்தப்ப ஒனக்க மொகத்த நான் பாக்கவே இல்ல, கேட்டியா? களத்துல ஆளுவ வந்து போய்ட்டு இருந்தாவ. யாருக்கும் சந்தேகம் வரப்படாதுன்னு ஒன்ன நேராவே பாத்துட்டு இருந்தேன். நேரா பாத்தா எனக்கு என்ன தெரியும்? ஒருக்கா வா மக்கா. இனி ஓரமாத் திரும்பிப் பாக்கலாம்லா."