சோழகத்தில் விட்ட போத்தல்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கட்டில்களுக்குக் கீழே ஒரு காலத்தில் முப்பது சாராயப் போத்தல்கள் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு அது. அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சுருட்டு வாசம் பட்டாலே மூக்கைப் பொத்துகிறவர். போத்தல்கள் வந்திறங்கிய நாளில் அயலட்டையெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்ததாம். அம்மா ஒரு கிழமை கோயிலுக்குப் போகவில்லை.

போத்தல்கள் சின்னமாமாவுடையவை. அம்மாவின் தம்பி. எங்களுடன்தான் தங்கியிருந்தார். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. கடலை ஆராய்கிற ஒரு சின்ன அரசாங்கக் கந்தோரில் அவருக்கு வேலை, அந்த வேலைக்கு வெறும் போத்தல்கள் வேண்டும். போத்தலைக் கழுவிக் காயவைத்து, உள்ளே உலர்ந்த மணல் போடுவார். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவுக்கு மணல். குறைந்தால் போத்தல் உயர மிதக்கும், காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடும்; அப்போது தெரிவது காற்றின் போக்கு, தண்ணீரின் போக்கல்ல. பிறகு மூன்று பாஷையிலும் அச்சடித்த ஒரு தபாலட்டை. இதைக் கண்டெடுப்பவர் இடத்தையும் நாளையும் எழுதித் தபாலில் போடவும் என்று அதில் இருக்கும். தக்கையை இறுக்கி மெழுகு ஊற்றி, படகில் கொண்டுபோய்ப் பல மைல் தள்ளிக் கடலில் விடுவார்கள். காலியிலிருந்தும் அம்பாந்தோட்டையிலிருந்தும் மாலைதீவிலிருந்தும் அட்டைகள் திரும்பி வந்தன. சின்னமாமாவும் ஒரேயொரு தரம் படகில் போனார். துறைமுகம் தாண்டுமுன்பே சத்தியெடுக்கத் தொடங்கி, திரும்பி வரும்வரை மல்லாந்து கிடந்தார் என்று கேள்வி. அதன்பிறகு கடல் அவருக்குக் கடதாசியில் மட்டும்தான்.

ஒருமுறை ஒரு போத்தலே முழுசாய்த் திரும்பி வந்தது. மாதக்கணக்காய் மிதந்த போத்தல். அதன் அடியில் சாம்பல் நிறச் சிப்பிகள் காம்பு வைத்துக் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருந்தன. இடுக்கில் பாசி, பாசிக்குள் நகமளவு நண்டு ஒன்று. சின்னமாமா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "மிதக்கிற ஒண்டையும் கடல் சும்மா விடாது அக்கா. எங்கையிருந்தோ வந்து குடியிருந்திடும்" என்றார்.

"உன்னைப்போலத்தான்" என்றா அம்மா.

யுத்தம் வந்தது. படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று கட்டளை. போத்தல் வேலையும் நின்றது. மிச்சம் முப்பதும் எங்கள் கட்டில்களுக்குக் கீழே குடியிருந்தன.

இனி மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் தங்கை. புருஷன் மலாயாவில் ரயில்வேயில் வேலை. நாங்கள் அவரை மலாயா மாமா என்போம். மாமி யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்காகத் தனியே வந்தவ. திரும்பிப் போகக் கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றா. கப்பலுக்கு நாள் குறித்திருந்த வேளையில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. மாமி எழுதின கடிதங்களைத் தபாற்கந்தோர் அப்படியே திருப்பி அனுப்பியது.

மலாயா மாமா யுத்தம் முடிந்து உயிரோடு திரும்பி வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவரை நினைத்துக் கவலைப்படவேண்டாம்; இது அவருடைய கதையில்லை. ஆனால் நான் சொல்கிற காலத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. மாமியைத் தவிர.

மாமிக்குத் தெரியும். "அவர் சுகமாயிருக்கிறார்" என்பா. சோறு போடும்போது சொல்வா, தலை பின்னும்போது சொல்வா. பின்னேரங்களில் முகம் கழுவி, கண்ணாடிக்கு முன்னால் நின்று பெரிதாய்ப் பொட்டு வைப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "ரெண்டு வருசமாச்சுது பிள்ளை, செய்யவேண்டிய கடமையைச் செய்தால் அந்த ஆத்துமாவுக்கும்..." என்று தொடங்கியபோது மாமி எழும்பிப்போய் அந்த மனுஷியின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டா. எங்கள் வீட்டில் அரிசிப்பானை வெறுமையானால்கூட 'முடிஞ்சுது' என்று சொல்லக்கூடாது, 'வாங்கவேணும்' என்றுதான் சொல்லவேண்டும். வாயால் சொன்னது நடந்துவிடும் என்று பயம். மலாயா மாமாவைப் பற்றி 'ஒருவேளை' என்ற சொல்லைக்கூட எவரும் எடுப்பதில்லை.

எனக்கு ஒன்பது வயது. இதெல்லாம் தபாற்காரரின் பிழை என்றே நினைத்திருந்தேன்.

தென்மேற்கு மழையோடு சோழகக்காற்றுத் தொடங்கியிருந்த ஒரு இரவு சாப்பாட்டின்போது சின்னமாமா அப்பாவுக்கு முன்னால் தன் படிப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். "சோழகம் பிறந்தால் தண்ணி தெற்கை இறங்கும் அத்தான். தேவேந்திரமுனையைச் சுத்திக் கிழக்கை திரும்பும். பிறகு நேரை சுமாத்திரா, மலாயாப் பக்கம். வாடை பிறந்தால் எல்லாம் மறுவளம், அங்கையிருந்து இங்கை. வருசத்துக்கு ரெண்டுதரம் இப்பிடி மனம் மாறுற கடல் வேறை எங்கை இருக்கு?"

அப்பா மோரை ஊற்றிக்கொண்டு "ம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மலாயாவுக்குப் போகிற தண்ணீர் எங்கள் ஒழுங்கை முடிவில், ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், இராப்பகலாய் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே முப்பது போத்தல்கள் சும்மா கிடக்கின்றன. பெரியவர்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா?

அடுத்த நாளே மலாயா மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வேலையில் இறங்கினேன். சோழக மழையில் கடற்கரை மணல் முழுக்க ஈரம். ஈரமணல் போட்டால் கடிதம் நனையும். ஆகவே அம்மா மா வறுக்கிற தாச்சியில் மணலை வறுத்தேன். இரண்டு நாள் எங்கள் பிட்டில் கல் கடிபட்டது. அரிசியில் கல் என்று அப்பா கூப்பன் கடைக்காரனைத் திட்டினார். வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கழுத்து மட்டும் தெரிகிறதா என்று பார்த்தேன். மெழுகுதிரியை உருக்கித் தக்கையை அடைத்தேன். மாமிக்குச் சொல்லவில்லை. பதில் வந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

எங்கே விடுவது என்பதிலும் யோசனை இருந்தது. கரையிலிருந்து எறிந்தால் அலை திருப்பித் தந்துவிடும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் மழைத்தண்ணீர் மண்ணிறமாய்ப் பாய்ந்து, அலையையும் வெட்டிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கரையில் இறங்கிப் போத்தலை விட்டேன். அது ஒருமுறை அமிழ்ந்து எழும்பி, கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு விறுவிறென்று போனது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! வீடுவரைக்கும் ஓடியே வந்தேன்.

நாலாம் நாள் காலையில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒருவர் பறங்கி இன்ஸ்பெக்டர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மற்றவர் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர், வயதான பொலிஸ்காரர். அவர் கையில் என் போத்தல். கந்தோருக்குப் புறப்பட்டு நின்ற அப்பா, கையில் குடையோடு அப்படியே நின்றார்.

"எங்கை எடுத்தது?" என்று சின்னமாமா கேட்டார்.

"தெகிவளையில. கல்லுக்குள்ள சிக்கிக் கிடந்திச்சு."

அந்தப் பயத்துக்குள்ளும் சின்னமாமாவின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் கண்டேன். தெகிவளை எங்களுக்குத் தெற்கே. போத்தல் சரியான பக்கம்தான் போயிருக்கிறது. என்ன, இரண்டு மைல் மட்டும் போயிருக்கிறது.

பொலிஸ்காரர் கடிதத்தைத் தமிழில் உரத்து வாசித்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். என் கடிதம் இதுதான்:

'அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருக்கிறீர்கள் என்று மாமி சொன்னா. மாமிக்கு அது நிச்சயமாய்த் தெரியும். இங்கே குண்டு போட்டார்கள், எங்கள் வீட்டில் விழவில்லை. கடற்கரையில் பெரிய பீரங்கி வைத்திருக்கிறார்கள். அது பீரங்கி இல்லை, தென்னங்குற்றிக்குத் தார் பூசினது என்று சின்னமாமா சொன்னார். இதை ஜப்பான்காரருக்குச் சொல்லவேண்டாம். பதிலைப் போத்தலில் போட்டு வாடைக்காற்றில் விடவும். அப்போது தண்ணீர் இந்தப் பக்கம் வரும்.'

கீழே என் பெயரும் வீட்டு விலாசமும். பதில் வரவேண்டுமே!

"எடி நாசமறுப்பாளே" என்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எதிரி பிடித்த நாட்டுக்குக் கடிதம் எழுதுவது குற்றம். எழுதியது சின்னப் பிள்ளை, சரி. ஆனால் வாடைக்காற்றில் விடச் சொல்கிற அளவுக்கு ஒரு சின்னப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் இத்தனை போத்தல்கள் ஏன்? எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரியில்தான் அவர் விரலை வைத்தார். மாமா சுகமாயிருக்கிறார் என்று இந்த வீட்டில் ஒருவருக்கு நிச்சயமாய்த் தெரியும். எப்படித் தெரியும்? இரண்டு வருஷமாய்த் தபால் இல்லை. யார் செய்தி கொண்டுவருவது?

"சேர், அது சும்மா ஒரு நம்பிக்கை..." என்று அப்பா இங்கிலீஷில் தொடங்கினார். நம்பிக்கையை நிச்சயம் என்று ஏன் பிள்ளை எழுதியிருக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்பாவுக்கோ அரசாங்க உத்தியோகம், அதை நம்பி இந்த வீட்டில் ஐந்து வயிறுகள், ஊரில் இன்னும் நாலு. அப்பாவும் சின்னமாமாவும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் எழும்பினார். அம்மா விம்மத் தொடங்கினா.

அப்போது மாமி உள்ளே இருந்து வந்தா. அந்நிய ஆம்பிளைகளுக்கு முன்னால் அவ வந்து நின்றதை அதற்கு முன் நான் கண்டதில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் தமிழ்ப் பொலிஸ்காரரைப் பார்த்துச் சொன்னா:

"அண்ணை, அவருக்குச் சொல்லுங்கோ. எங்களுக்கு ஒரு செய்தியும் வாறேல்லை. என்ரை மனுசன் செத்துப்போச்சுது."

அப்பா, "என்ன கதைக்கிறாய்!" என்றார்.

மாமி நிறுத்தவில்லை. "சண்டைக்கு முந்தியே காய்ச்சல்லை செத்துப்போச்சுது. அதுக்குப் பிறகுதான் நான் கப்பலேறி வந்தனான். பிள்ளை அழுவாள் எண்டு சுகமாயிருக்கிறார் எண்டு சொல்லிவைச்சனான். அதை நம்பி எழுதிப்போட்டாள். செத்த ஆளுக்கு ஆர் கடிதம் கொண்டுபோறது?"

பொலிஸ்காரர் மாமியின் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். வெயிலில் நடந்துவந்த களைப்பு என்று நினைத்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, மாமி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னார். வேறொன்றும் சேர்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மன்னிக்கவேண்டும் என்றார். அப்பாவுக்கு ஒரு எச்சரிக்கை, சின்னமாமாவுக்கு இரண்டு. போத்தல்களை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். என் கடிதத்தை நாலாய்க் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

படலை சாத்தின சத்தம் கேட்டதும் அப்பா கதிரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய அதிசயம். அடி இல்லை என்று நிச்சயமானதும் கோபம் வந்தது. எவ்வளவு பாடுபட்டு எழுதின கடிதம்! மாமி ஒரு சொல் நல்லதாய்ச் சொல்லியிருந்தால் அவர் அதைத் திருப்பியாவது தந்திருப்பார். சண்டை பிடிப்பதற்காக மாமியைத் தேடிப் போனேன்.

பின்வளவில் குழாயடியில் குந்தியிருந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தா. கொப்பளித்துத் துப்பினா, மறுபடி கையில் தண்ணீர் ஏந்தினா, மறுபடி துப்பினா. நான் போய் நின்றதைக் கவனிக்கவேயில்லை. சேலை முழுக்க நனைந்துவிட்டது.

"மாமா செத்துப்போனார் எண்டு ஏன் பொய் சொன்னீங்கள்? பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மாமி தலையைத் திருப்பாமல் சொன்னா: "என்ரை கண்ணைக் குத்தட்டும் பிள்ளை. ரெண்டையும் குத்தட்டும். அதோடை விட்டாற் போதும்."

பிறகும் தண்ணீரை ஏந்தினா. மூன்று நாள் மாமியோடு நான் கதைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் எதையாவது இழந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.