ஸ்திரீபார்ட்காரரின் கிராப்பு

என் புருஷனுக்கு என்னைவிட நீளமான முடி. ஊரில் ஆண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள் என்றால், இவர் எங்களோடு சேர்ந்து வெள்ளிக்கிழமை குளிப்பார். வீட்டில் சிக்கெடுக்கிற சீப்பு ஒன்றுதான் இருந்தது. அதற்கு இரண்டு பேரும் சண்டை போடுவோம். “ஒன் முடி சும்மா கெடக்குத முடி. இது சோறு போடுத முடிளா” என்று பிடுங்கிக்கொள்வார். அது உண்மைதான். அவர் நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர். அந்தக் காலத்தில் அதை ஸ்திரீபார்ட் என்பார்கள்.

எங்கள் அப்பாவுக்கு ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீடு. தூத்துக்குடி பஜாரில் சின்னதாக வெற்றிலைக் கடை போட்டிருந்தார். ஊரில் ஒரு நாடகம் முடிந்த மறுநாள் காலையில் இவர் அந்தக் கடைக்கு வந்து நின்றார். முந்தின நாள்தான் ராணியாக வந்து அழுது என்னையும் அழ வைத்தவர். மீசை இல்லாத முகம், வாரி முடிந்த கொண்டை, தோளில் துண்டு. பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏளா, ஒனக்குச் சேலையில பங்கு கேக்க ஒரு ஆளு வாரான், சம்மதமா?” என்றாள். வீட்டில் எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் நின்றார்கள். சீர் வேண்டாம் என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை இவர்தான். எனக்குச் சம்மதம் என்றேன். சீருக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த அழுகையை அழுத மனிதர் பெண்டாட்டியைக் கை நீட்டி அடிக்க மாட்டார் என்று தோன்றியது. அந்த விஷயத்தில் என் கணக்கு தப்பவில்லை.

அவர் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வயக்காட்டு ஊர். தகப்பன் செத்ததும் வீட்டில் அத்தனை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடியாமல் இவரை நாடகக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மூன்று வேளையும் சோறு உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சோறு உண்டுதான். கூடவே பிரம்பும் உண்டு. பெண் நடை வரவேண்டும் என்று இரண்டு கணுக்காலையும் ஒரு சாண் கயிற்றால் கட்டி நாள் முழுக்க நடக்கவிட்டார்களாம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படிக்க வேண்டும். குரல் உடைகிற வயதில் மற்றப் பையன்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். இவருக்கு மட்டும் குரல் உடையாமல் அப்படியே மெல்லிசாக நின்றுவிட்டது. கடவுள் கொடுத்த வரம் என்று வாத்தியார் சூடம் கொளுத்தினாராம். என்னைக் கேட்டால் அது வரமில்லை. பிற்பாடு அவர் பட்ட பாட்டை எல்லாம் கூட இருந்து பார்த்தவள் நான்.

ஆனால் மேடையில் அவர் அழுதால் அழுகைதான். கம்பெனி கலைந்த பிறகு அவர் தனி ஆளாக நாடகம் நாடகமாகப் போய்வந்தார். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவான், பபூன் ஒரு ஊரிலிருந்து வருவான், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆலந்தலைப் பக்கம் ஒரு நாடகத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக இவர் அழுதபோது ஒரு கிழவி மேடையில் ஏறி வந்து முந்தானையால் இவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நானும் அங்கே இருந்தேன். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

விடிந்து தெருவில் இறங்கினால் கதை வேறு. தூத்துக்குடியில் அண்ணாச்சி என்று கூப்பிடப்படாத ஆண்பிள்ளை உண்டா? உப்புத் தரகர் அண்ணாச்சி. எங்கள் அப்பா அண்ணாச்சி. நேற்றுக் கடை திறந்து இன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்த மீசை முளைக்காத பயல்கூட அண்ணாச்சி. இவரை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “ஏலே, ராணி வாரா பாரு” என்பார்கள். “ராணிக்குத் தொண்டைக்கு இதமா ஒரு சோடா உடையும்யா” என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் என்று எல்லாரையும் சொல்ல மாட்டேன். இவரும் சிரித்துக்கொண்டே சோடாவைக் குடித்துவிட்டு வருவார்.

எங்கள் மகள் பிறந்த பிறகுதான் அந்தச் சிரிப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு நாள் சொன்னார்: “இவ பள்ளிக்கூடம் போனா, ராணி மவ வாரான்னு சொல்லுவானுவ. ஒரே ஒரு தடவ நான் ஆம்பளையா வேஷம் கட்டி இந்த ஊரு பாத்துட்டாப் போதும்ளா. பொறவு என்னைய அண்ணாச்சின்னுதான கூப்பிடணும்?” நான் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அது யுத்த காலம். துறைமுகத்தில் குண்டு விழும் என்று ஊரே பயந்து கிடந்தது. பொழுது சாய்ந்தால் விளக்கெரியக் கூடாது. விளக்கில்லாமல் நாடகம் ஏது? நாங்கள் ஆத்தூரில் அப்பாவின் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, இவர் கொடிக்காலில் தண்ணீர் இறைத்தார். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது விளக்கு வந்துவிட்டது, நாடகமும் வந்துவிட்டது. இவருடைய இடம் மட்டும் போய்விட்டது. எல்லா ஊரிலும் பெண்களே மேடை ஏறத் தொடங்கியிருந்தார்கள். “பொம்பளையே வாரா. பொறவு பொம்பள மாதிரி ஒரு ஆளு எதுக்கு?” என்று ஏஜெண்டு முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்காவது செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் கோயில் கொடைத் திருவிழா என்றால் இவரைக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து முடிக்குச் சீயக்காய் இடிப்பார்.

அப்போதுதான் சினிமா ஆள் வந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் படம் பிடிக்கிறார்களாம், ஆள் சேர்க்க ஊர் ஊராக வருகிறானாம். ஒரு கொடை நாடகத்தில் இவரைப் பார்த்துவிட்டு, மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றான். இவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, “என்ன வேஷம்னு கேளுங்க, என்ன வேஷம்னு கேளுங்க” என்று கிசுகிசுத்தேன். இவர் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

அவன் போன பிறகு எனக்கு வசவு. “தாம்பூலம் வாங்குன கையோட வேஷம் என்னன்னு கேப்பனா? தொழில்ல இருக்குதவன் கேப்பானா?” என்றார். நாடகக்காரர்கள் வழக்கம் அப்படி. ராஜபார்ட் என்றால் சாகும்வரை ராஜபார்ட், பபூன் என்றால் சாகும்வரை பபூன். தட்டை வாங்கிக்கொண்டு வேஷம் கேட்கிறவனுக்குத் தன் பார்ட்டில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அடுத்த நாடகத்துக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

“அப்ப ஒங்களுக்கும் ஸ்திரீபார்ட்டுதான?” என்றேன்.

“புத்தியிருக்கா ஒனக்கு? சினிமாவுல பொம்பள வேஷத்துக்குப் பொம்பளையளே வரிசையில நிக்காளுவ. அவளுவள விட்டுட்டு என்னைய எதுக்குக் கூப்பிடுதான்? மொகத்தப் பாத்திருக்கான்ளா. ஆம்பள வேஷந்தான்.”

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் அதில் எங்கே ஓட்டை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளே முடி வெட்டப் போனார். சலூன்காரர் கத்தரியை எடுக்கவே மாட்டேன் என்றாராம். “ராணி தலையில கத்தரி வச்சா எனக்குப் பாவம் வந்துரும்” என்று கிண்டல். கெஞ்சிக் கூத்தாடி வெட்டிக்கொண்டு, வகிடெடுத்த கிராப்போடு வந்து நின்றார். எனக்கு யாரோ வேற்று ஆள் வந்து நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. மகள் வீறிட்டு அழுதாள்.

பிறகு ஆண்பிள்ளையாக நடக்கிற பாடம். சாயங்காலம் கடற்கரைக்குப் போய் மூட்டை தூக்குகிறவர்கள் நடக்கிறதைப் பார்ப்போம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் வாத்தியாராக நிற்பேன். “காலை அகட்டி வையுங்க. கைய வீசுங்க. இடுப்பு எதுக்கு அங்கன போவுது?” என்பேன். பத்தடி ஒழுங்காக நடப்பார். பதினோராவது அடியில் இடுப்பு தானாக ஒடியும். கணுக்காலில் கயிறு இல்லை, ஆனால் அவர் எட்டு வைக்கிற அளவு மாறவில்லை. குரலும் அப்படித்தான், இரண்டு வரி கனமாக வரும், மூன்றாவது வரியில் மேலே ஏறிவிடும். வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் கல்யாணத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நாட்கள்தான்.

கோயம்புத்தூர் போய்த் திரும்பி வந்தார். என்ன வேஷம் என்று கேட்டேன். “ஆம்பள வேஷம்” என்றார். வசனம் உண்டா என்றால் உண்டு என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. களைப்பு என்று நினைத்து, நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன்.

படம் எங்கள் ஊர்த் தகரக் கொட்டகைக்கு வந்தது. போகவேண்டாம் என்று இவர் இரண்டு நாள் சாக்குச் சொன்னார். நான்தான் விடவில்லை. அம்மா, மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு பட்டாளமே கிளம்பினோம். இவர் கரை வேஷ்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் இவரைப் பார்த்து எழுந்து, “அண்ணாச்சி, உள்ள வாங்க, ஒங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு” என்றான். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

படத்தில் இவர் ஒரு பணக்காரர் வீட்டுக் கணக்குப்பிள்ளை. கோட்டும் கிராப்புமாகத் திரையில் வந்து நாலு எட்டு நடந்தார். அதற்குள் கொட்டகை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. வேலைக்காரி ஒருத்தி ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள். இவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, இடுப்பை ஒடித்து, “அய்யோ அம்மா” என்று அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு மேடையில் அழுவாரே, அதே குரல், அதே இழுப்பு. தகரம் அதிரும்படி விசிலடித்து ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் எனக்கு அடுத்த வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார். அங்கே போய் இறங்கியதும், “முடி எங்கய்யா?” என்றுதான் கேட்டார்களாம். காமெடிக்காரர் ஏமாந்து ஓர் ஆண்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்கிற மாதிரி ஒரு சீன். அந்த மணப்பெண் வேஷத்துக்குத்தான் தாம்பூலம். கிராப்பைப் பார்த்து, டோப்பா வைத்தால் படத்தில் தெரிந்துவிடும், போய்விட்டு வா என்று துரத்திவிட்டார்கள். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாராம். பின்னாலிருந்து அதைப் பார்த்த காமெடிக்காரர் கை தட்டிக் கூப்பிட்டு, “இந்தக் கிராப்பு, இந்த நடை, இதுதான்யா வேணும்” என்றாராம். அங்கேயே வேஷம் கொடுத்துவிட்டார்கள். “ஆம்பள வேஷந்தானேன்னு ஒத்துக்கிட்டேன்ளா” என்றார்.

அதற்குப் பிறகு இவருக்கு ஊரில் பேர் வந்தது. அறை வாங்குகிறவர் என்று பேர். பஜாரில் யாராவது பின்னால் வந்து விளையாட்டுக்குக் கன்னத்தில் ஒன்று வைப்பான். “அந்த அழுகைய அழும்யா” என்பான். இவர் அழுது காட்டுவார். கூட்டம் சிரிக்கும், டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு நாள் என் கண்முன்னே ஒருத்தன் கை ஓங்கினான். “ஒங்கம்மாள அறைஞ்சுட்டு வாலே, அவ எப்படி அழுதான்னு இங்கன வந்து சொல்லு” என்று விளக்குமாற்றை எடுத்துவிட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுளா. ரசிகங்க” என்றார். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தைவிட இவர்மேல் வந்த ஆத்திரம் பெரிது.

சினிமாவிலிருந்து யாரும் மறுபடி கூப்பிடவில்லை. ஒரு கோயில் கொடையில் டோப்பா முடி வைத்துக்கொண்டு பழைய தாய் வேஷம் கட்டினார். செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இவர் முதல் குரல் எடுத்ததும், ஊர் முழுக்கச் சிரித்தது. எல்லாரும் படம் பார்த்தவர்கள். இவர் இன்னும் உருக்கமாக அழுதார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். அதோடு மேடை முடிந்தது. உப்பு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலைக்குப் போனார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, உப்பில் வெடித்த விரல்களோடு சாப்பிட உட்கார்ந்தார். மகள் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து எட்டி, கன்னத்தில் ஓர் அறை விட்டாள். விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்போடு காத்திருந்தாள். ஊரில் எல்லாரும் அப்பாவிடம் அப்படித்தானே விளையாடுகிறார்கள்.

இவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, இடுப்பை ஒடித்து அழுது காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னொருக்கா” என்று மறுபடியும் அறைந்தாள். இவர் மறுபடியும் அழுதார்.

நான் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு அவளை இழுத்து முதுகில் இரண்டு வைத்தேன். அவளுக்கு எதற்கு அடி விழுந்தது என்றே தெரியவில்லை. திகைத்து நின்று, பிறகு அழுதாள்.

“அவள ஏன்ளா அடிக்கே?” என்றார் இவர். “அவளுக்குக் காட்டுததுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, அவளுக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கன்னத்தைக் காட்டினார்.