ஓடு பிரித்த கோர்ட்டில் ஒரு குரல்

அழகிரிசாமி டவாலியின் குரல் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். கோர்ட்டு வாசற்படியில் நின்று கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவதிலேயே அவர் காலம் போயிற்று. மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் தீர்ப்பு எதிராளி பக்கம். தேடிப் போய் அழைத்துவரக் கூடாது. போனால் டவாலி ஒருபக்கம் சாய்கிறார் என்று வக்கீல்கள் பிடித்துக்கொள்வார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மரச்சட்டம் உளுத்துப்போய்க் கூரையை மாற்ற உத்தரவு வந்தது. மாற்று இடம் கிடைக்கவில்லை. பாதிக் கூரையைப் பிரிக்கப் பிரிக்க, மீதிக் கூரையின்கீழ் விசாரணை நடந்தது. ஓடு விழும் என்று தாழ்வாரத்தைக் கயிறு கட்டி அடைத்து, சனங்களை எதிரே வேப்பமரத்தடிக்கு விரட்டினார்கள்.

கூரைமேல் வேலை பார்த்த இசக்கிராஜாவுக்கு டவாலியின் குரல் அப்படியே படிந்துவிட்டது. அவன் கூப்பிட்டாலும் அதே இழுவை, அதே கரகரப்பு.

வெள்ளைத்தாய் கழுகுமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவள். அவள் குடியிருந்த வீட்டையும் ஆட்டுப்பட்டியையும் தன்னுடையது என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். அவளுடைய வக்கீல் அன்று வேறு ஊரில். பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றால் போதும், வாய்தா கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, வெள்ளைத்தாய்னு செத்த சத்தமாக் கூப்பிடுங்க. காது மந்தம்" என்று டவாலியிடம் கேட்டுக்கொண்டாள். மேலே இருந்தவனுக்கும் அது கேட்டது.

"வெள்ளைத்தாஆஆய்!"

விழுந்தடித்து ஓடிவந்தாள். செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. ஜட்ஜ் இன்னும் வந்திருக்கவில்லை.

"யாரு மதினி கூப்பிட்டா? காத்தா?" என்றான் இசக்கிராஜா. மரத்தடியே சிரித்தது. சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டான், மறுபடி ஓடிவந்தாள். "ஏலே, எம் பென்ஷனையும் நீயே வாங்கிக்கோல" என்று அழகிரிசாமியும் சிரித்தார்.

பகலுக்குமேல் நிஜமாகவே அவள் பெயர் வந்தது. அவர் வாசற்படியில் நின்று கூப்பிட்டார். அவள் வாசற்படியைப் பார்க்காமல் கூரையை அண்ணாந்து பார்த்து, "மூணாந்தடவையும் ஓடியாற நான் என்ன கோட்டிக்காரியா? போலே!" என்று கத்தினாள். அவர் மறுபடி கூப்பிட்டார். கையை அசைத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் கொழுந்தனின் வக்கீல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

"சத்தமாக் கூப்பிட்டீரா?" என்றார் ஜட்ஜ்.

"கூப்பிட்டேன் ஐயா."

பொய்யில்லை. வீடும் பட்டியும் கொழுந்தனுக்கு என்றாயிற்று.

வெயில் தாழ அவள் கயிற்றருகே வந்து நின்றாள். "எம் பேரு இன்னும் வரலியா அண்ணாச்சி?"

"வந்து போயிட்டுது, தாயி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்களுமா அண்ணாச்சி?"

அவர் முகம் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நின்றாள்.